பூச்சுக்கு முன்

துப்பாக்கி மாதிரிதான் இருந்தது அந்தக் கருவி. கார்ப் பூச்சுக் கடைக்காரர் இம்தியாஸ் அதைக் காரின் பானெட்டுக்கு நேராக நீட்டி விசையை அழுத்தியபோது வெடிக்கப் போகிறது என்று என் தோள் தானாகச் சுருங்கியது. சத்தம் வரவில்லை. கறுப்புப் பெயிண்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் விழுந்து நடுங்கியது. "அறுபத்தாறு டிகிரி, பெரியவரே. மணி இன்னும் பன்னெண்டு ஆகல. இதான் ராணிப்பேட்டை வெயிலு," என்று கருவியைத் திருப்பி எண்ணை எனக்குக் காட்டினார். காட்டியிருக்க வேண்டாம். சொன்னவுடனே அறுபத்தாறை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். எண் என்னிடம் வந்தால் திரும்பிப் போவதில்லை. கடைக்குள் குழல் விளக்கு இருபத்திரண்டு, எரியாதது ஒன்று. மேசைமேல் சீசா மூன்று. வாசலில் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பழைய பானெட்டைப் படுக்க வைத்திருக்கிறார்கள், அதுவும் கறுப்பு, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பாதிக்குப் பூச்சு போட்டு மறு பாதியை அப்படியே விட்டது. எதிர்ச் சாரியில் டீக்கடை, பெஞ்சு இரண்டு, ஆட்கள் ஒன்பது. நான் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் குட்டை. எழுந்து வேறு நாற்காலி கேட்க எனக்குக் கூச்சம், அதனால் இடது காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கூச்சத்தால் கேட்காமல் விட்டவற்றை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை. இந்தக் கார் கல்யாணச் சீராக நாங்கள் போட்டது. தை மாதம் மகள் யுவராணிக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளை திலீபன் கறுப்புதான் வேண்டும் என்றார். கறுப்பு சூட்டை இழுக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. புதிதாகக் கல்யாணமான மகளை ஆடிக்கு வீட்டுக்கு வரவழைத்து வைத்துக்கொள்வதும், மாப்பிள்ளைக்குச் சீர் செய்து தனியாக அனுப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். ஆடி ஒன்றாம் தேதி அவரே அவளைக் காரில் கொண்டுவந்து விட்டார். என் மனைவி பச்சையம்மா வேட்டி சட்டையைத் தட்டில் வைத்து நீட்டியபோது சிரித்தார். "இதெல்லாம் எதுக்கு அத்தை? மாமா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. காருக்கு செராமிக் கோட்டிங் போட்டுக் குடுத்துடுங்க, அதான் எனக்கு ஆடிச் சீர். கார் இங்கயே இருக்கட்டும். ஆவணி பொறந்ததும் வந்து ரெண்டையும் ஓட்டிட்டுப் போறேன்." ரெண்டையும் என்றார். காரையும் மகளையும். பச்சையம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். யுவராணி சிரித்தாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. அவள் வலது கையில் துணி சுற்றியிருந்தது, அது மட்டும் தெரிகிறது. இன்று ஆடி இருபத்திரண்டு. ஆவணி பிறக்க ஒன்பது நாள்.

"உள்ள வாங்க, நிழல்ல பேசலாம்," என்று இம்தியாஸ் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், காதோரம் நரைத்தவர், மேசைமேல் இருந்த மூன்று சீசாக்களையும் மருந்துக்கடைக்காரர் போல என் பக்கம் நகர்த்தினார். முதலாவது மூன்று வருஷம் நிற்குமாம், கண்ணாடி மாதிரி இறுகுமாம், ஆனால் நம் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், வெயிலில் ஒரு சொட்டு அப்படியே காய்ந்தால் வட்டமாகத் தின்றுவிடும், அந்த வட்டத்தை முதல் சீசா அவ்வளவாகத் தடுக்காது. இரண்டாவதில் கிராஃபீன் என்று ஏதோ கலந்திருக்கிறது, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், வட்டம் குறையும், நான்கு வருஷம். மூன்றாவது, மூன்று அடுக்காகப் போடுவது, ஐந்து வருஷம், பறவை எச்சம் வெயிலில் வெந்தாலும் பெயிண்டுக்கு இறங்காது. நான் கேட்டேன், "போட்டா சூடு குறையுமா தம்பி?" அவர் சிரித்தார். "பொய் சொல்ல மாட்டேன் பெரியவரே. சூடு குறையாது. வேற கடைல குறையும்னு சொல்வாங்க, நம்பாதீங்க. அறுபத்தாறுன்னா அறுபத்தாறுதான். சூடு பெயிண்ட்ட தின்னாம பாத்துக்கும், அவ்ளோதான்." எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சூடு இருக்கும், வெளியே தெரியாது. முப்பத்தொரு வருஷம் நானும் அந்த வேலைதான் பார்த்தேன், தோல் பதனிடும் ஷாப்பில், தரம் பிரிக்கும் மேசையில். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குக் கண் மட்டும் நன்றாக இருந்தது. ஈரத்தோலை விரித்துப் போட்டால் விரலால் ஒரு தடவு, முள் கீறல் எங்கே, உண்ணி கடித்தது எங்கே, சாட்டை விழுந்தது எங்கே, சூடு போட்ட குறி எங்கே, எல்லாம் சொல்வேன். ஒரு நாளைக்கு நானூற்றைம்பது தோல். செத்த மாட்டின் வாழ்க்கை முழுதும் அந்தத் தோலில் எழுதியிருக்கும், நான் படித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுவேன். கடைசியான ஆறாம் தரத்தைக்கூட யாரும் எறிவதில்லை. கனமாகப் பெயிண்ட் அடித்து, சூட்டில் அழுத்தித் தேய்த்து, மேலே பளபளப்பு ஊற்றினால் அடி வாங்கிய மாடும் அடி வாங்காத மாடும் ஒரே ஷூவாகிவிடும். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்ணால் யுவராணியின் உள்ளங்கையைப் பார்த்தேன். துணியை அவிழ்த்துப் பச்சையம்மா மருந்து போட்டபோது கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. "தோசைக்கல்லும்மா, கவனிக்காம கைய வெச்சிட்டேன்," என்றாள். தோசைக்கல்லில் சுட்டால் விரல் நுனி சுடும், அல்லது கல்லின் விளிம்பு ஒரு கோடு போடும். முழுக் கையும், விரல்களுக்கு இடையிலும், ஐந்து விரலும் விரித்துவைத்தபடி சுடாது. இதை நான் பார்த்தேன். பார்த்துத் தரம் பிரிக்காமல் அடுத்த தோலுக்குப் போய்விட்டேன். இடது கன்னத்தில் தோல் உரிந்திருந்தது, ரூபாய் நாணயம் அளவுக்குச் செம்மண் நிறத் திட்டு. "பார்லர்ல எதையோ பூசினாங்க, ஒத்துக்கல." சரி என்றேன். சரி என்ற சொல்லை நான் எத்தனை முறை. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. பதினாலோடு நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் பதினாலில் நின்றாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. என் மகள், எண்ணுகிறாள் பார் என்று நினைத்தேன்.

உள்ளே நின்றிருந்த வெள்ளைக் கார் போன பிறகு எங்கள் காரைத் தள்ளி நிழலில் விட்டு ஆற வைத்தார்கள். பத்து மணியிலிருந்து வெயிலில் நின்ற இரும்பு டிக் டிக் என்று சத்தமிட்டுச் சுருங்கியது, பதினேழு டிக் வரை எண்ணினேன். நுரை போட்டுக் கழுவினார்கள், களிமண் போன்ற ஒரு கட்டியால் தேய்த்தார்கள், துடைத்தார்கள். கார் இப்போது கிணறு மாதிரி இருந்தது, குனிந்தால் என் முகம் கீழே தெரிந்தது. "பூச்சுக்கு முன்னாடி இருக்கிற எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துடணும் பெரியவரே," என்றார் இம்தியாஸ், கையில் வைத்துக்கொள்ளும் ஒரு வெளிச்ச விளக்கைப் போட்டுக்கொண்டே. "கீறலோ கறையோ ஒண்ணு விட்டுட்டு மேல பூச்சு போட்டா, அது உள்ள பூட்டிக்கும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு எவனும் ஒண்ணும் பண்ண முடியாது." விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கதவிலிருந்து ஆரம்பித்தார். துணி தேய்த்த மெல்லிய சுழிகள், சிலந்தி வலை மாதிரி. பின் கதவில் மூன்று கீறல். நான் அவர் பின்னாலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், எனக்குப் பழகின வேலை, யாராவது விளக்குப் பிடிக்க நான் படிப்பது. பானெட்டுக்கு வந்தார். விளக்கை இடமிருந்து வலமாக ஒரு முறை ஓட்டினார். நின்றார். திரும்ப ஓட்டினார். "இது இன்னாடா," என்று தனக்குத்தானே சொன்னார். நான் குனிந்தேன். கறுப்புக்கு உள்ளே, கறுப்பைவிட ஒரு மூச்சு மங்கலாக, ஒரு கை இருந்தது. வலது கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை ரேகைகூடத் தெரியும்படி. அதற்கு ஒரு சாண் தள்ளி, நீள்வட்டமாக, பிறை மாதிரி ஒரு மங்கல், அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பு, காதின் கீழ் நுனி போல. "வெயிலுக்குப் பூசற கிரீம்," என்றார் இம்தியாஸ். "லேடீஸ் கையில மூஞ்சில பூசுவாங்க இல்ல, அது. நல்ல சூட்டுல பட்டா பெயிண்ட்டுக்கு இறங்கிடும். நான் பாத்திருக்கேன், சும்மா விரல் வெச்ச மாதிரி, லைட்டா. இது அப்படி இல்ல. அழுத்தி வெச்சிருக்காங்க. கொஞ்ச நேரம்." கன்னப் பிறையின் மேல் விளக்கை வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "யாராச்சும் தலைய வெச்சுத் தூங்கிட்டாங்களோ?" சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் என் முகத்துக்கு வந்து மறுபடி பானெட்டுக்குப் போயிற்று. நான் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையின் சுண்டு விரல் நேராக இல்லை. மேல் கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து, கதவிடுக்கில் நசுங்கிய கம்பி மாதிரி இருந்தது. கதவிடுக்கில்தான் நசுங்கியது. அந்தக் கதவைச் சாத்தியவன் நான்.

பச்சையம்மாவை நான் ஏழு முறை அடித்திருக்கிறேன். முப்பத்துநாலு வருஷத்தில் ஏழு. இந்த எண்ணை நான் ஒளித்து வைத்ததில்லை, எனக்குள்ளே ஒரு நல்ல எண்ணாகத்தான் வைத்திருந்தேன், எங்கள் தெருவில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு எண்ணே இல்லை என்று. முதலாவது உப்புக்கு. இரண்டாவது அவள் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்கு. நாலாவது எதற்கு என்றே தெரியாது, அதுதான் கதவு. கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு வெளியே போகும் வேகத்தில் கதவை அறைந்து சாத்தினேன், அது சாத்தவில்லை, ஏதோ மெத்தென்று தடுத்தது, இன்னும் பலமாக இழுத்தேன். மெத்தென்று இருந்தது ஆறு வயது யுவராணியின் விரல். அவள் வாய் திறந்தது. சத்தம் வருவதற்கு முன் ஒரு நொடி இருந்ததே, அந்த நொடியில் எனக்கு விரல் ஞாபகம் வரவில்லை, தெரு ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் வீடு, எதிரில் மூன்று வீடு, எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம். அவள் வாயைப் பொத்தினேன். "கத்தாதம்மா, தெருவே கேக்கும். எண்ணு. அப்பா சொல்றேன், எண்ணு. எண்ணினா வலி போயிடும்." ஒண்ணு, ரெண்டு என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வரை என் தோளில் எண்ணிக்கொண்டே வந்தாள், இருநூற்றுப் பத்து. கட்டுப் போட்ட கம்பவுண்டர், "இன்னா பொண்ணுய்யா இது, சத்தமே போடல," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை. இம்தியாஸ் தேய்க்கும் மெஷினைச் சொருகிக்கொண்டிருந்தார், தட்டையான வட்டப் பஞ்சு வைத்தது, சரிபார்க்க ஒரு முறை ஓட்டினார், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்று சொன்னது காதில் விழுந்தது. மனசுக்குள் அந்த வட்டத்தை அவன் முகத்தில் வைத்தேன். திலீபனின் முகத்தில், இடது கன்னத்தில், காது மடல் மடிந்து உள்ளே போகும்படி. பஞ்சு அல்ல, ஷாப்பில் சதை சீவும் உருளை, சுருள் சுருளாகக் கத்தி பதித்தது, மாட்டுத்தோலின் உள்பக்கச் சதையை ஒரே இழுப்பில் வழித்து எடுப்பது. அதில் அவனை விரித்துப் போட்டேன். ஒன்று, முதுகு. இரண்டு, தோள். வழிந்தது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது, பிறகு சிவந்தது. தோல் பதனிடும் டிரம்முக்குள் அவனைப் போட்டுச் சுற்றவிட்டேன், உள்ளே முளை முளையாகக் கட்டை இருக்கும், எட்டு மணி நேரம் சுற்றும், எலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தத்தை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றாறு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருநூற்றாறும் விழுந்தன. பிறகு எடுத்து மேசையில் விரித்து, விரலால் தடவி, தரம் பிரிக்கப் பார்த்தேன், எண் போட சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன், தோலைத் திருப்பினால் அது வேறு ஆளுடையது. அறுபத்துமூன்று வயதுத் தோல். நெஞ்சில் நரைமுடி. இடது தோளில் அம்மைத் தழும்பு. என்னுடையது.

நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை. "மாமா! கடைக்குப் போயாச்சா?" "வந்துட்டேங்க." "எந்தக் கோட்டிங் சொன்னீங்க? அஞ்சு வருஷத்துது போடச் சொல்லுங்க மாமா, சும்மா மூணு வருஷம்னு ஏமாத்துவாங்க." "மூணு இருக்குதுங்க. பாத்துட்டு இருக்கேன்." "அப்புறம் மாமா, பானெட்டுல மட்டும் ரெண்டு தடவ கூட மெஷின் போடச் சொல்லுங்க. ஒரு தண்ணிக் கறை. இன்னா வாஷ் பண்ணாலும் போவமாட்டேங்குது. வெயில்ல பாத்தா தெரியல, லைட் அடிச்சாதான் தெரியும்." அவனுக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கடித்துப் பார்த்திருக்கிறான். பக்கெட்டும் துணியுமாக எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்தானோ. தேய்க்கத் தேய்க்க என் மகளின் கை அங்கேயே விரிந்து கிடந்திருக்கிறது. பிறகுதான் யோசனை வந்திருக்கிறது, ஆடி வருகிறது, சீர் என்று சொல்லி மாமனையே அழிக்க வைக்கலாம். தட்டில் வைத்து. வெற்றிலை பாக்கோடு. என் தொண்டையில் அத்தனையும் வந்து நின்றது, டிரம், உருளை, இருநூற்றாறு எலும்பு, எல்லாம். "சரிங்க மாப்பிள்ளை," என்றேன். என் வாய்தான் சொன்னது. "யுவராணிய கேட்டதா சொல்லுங்க மாமா," என்று வைத்துவிட்டான். நாற்காலியின் குட்டைக் கால் தடக்கென்று சாய்ந்தது, நான் பிடித்துக்கொண்டேன். இம்தியாஸ் கையில் மெஷினோடு பானெட் பக்கத்தில் நின்றார். "ஆரம்பிக்கட்டுமா பெரியவரே? மூணு ஓட்டு ஓட்டினா போயிடும்." மூன்று ஓட்டு. ஒன்றில் விரல் போகும், இரண்டில் உள்ளங்கை போகும், மூன்றில் கன்னம். "ஒரு நிமிஷம் தம்பி," என்றேன். யாரையும் ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்க நான் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். பச்சையம்மா எடுத்தாள். "இன்னாங்க, சாப்பாட்டுக்கு வரீங்களா? கீரை கடைஞ்சு வெச்சிருக்கேன், ஆறிடும்." "ராணிகிட்ட குடு." "தலை வாரிட்டு இருக்கா." "குடு." என் குரல் அவளுக்கு ஏதோ மாதிரி கேட்டிருக்க வேண்டும், ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். "சொல்லுங்கப்பா." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எண்ணைத் தவிர எனக்கு வேறு வாசல் கிடையாது. "பதினாலுன்னா இன்னாம்மா?" என்றேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது. எங்கள் கூடத்து மின்விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிரீச் என்னும். பதினொரு கிரீச். "எங்க இருக்கீங்க?" "கார் கிட்ட." மறுபடி கிரீச். பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டாள், "அழிச்சிட்டாங்களா?" "இல்ல." அவள் மூச்சு விட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஒரு கடைக்கு வெளிய கார நிறுத்தியிருந்தோம். மத்தியானம். நான் சாப்பாட்டுக் கூடைய அது மேல வெச்சிட்டேன்பா. கீறல் விழும்னு தெரியாதான்னு கேட்டான். கார் எவ்ளோ சூடு தாங்குதுன்னு தெரியுமா உனக்கு, தொட்டுப் பாருன்னு சொல்லி, பின்கழுத்தப் புடிச்சு..." நிறுத்தினாள். "சுத்தி ஆளுங்க இருந்தாங்க. நான் கத்தலப்பா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி எண்ணினேன். பதினாலுல கைய எடுத்துட்டான்."

கத்தலப்பா என்றாள். அதை ஒரு நல்ல செய்தி மாதிரி எனக்குச் சொன்னாள். ஆறு வயதில் பரீட்சை மார்க்கு சொல்வாளே அந்தக் குரலில். ஆட்கள் இருந்திருக்கிறார்கள், ஒன்பது பேரோ தொண்ணூறு பேரோ, ஒரு சத்தம் கேட்டிருந்தால் யாராவது ஒருவர் எழுந்து வந்திருக்கலாம், இரண்டில் கையை எடுத்திருக்கலாம், மூன்றில் எடுத்திருக்கலாம். மீதிப் பதினொன்றை அவள் கையில் வைத்து அழுத்தியவன் யார். "போக வேணாம்மா," என்றேன். "ஆவணியா?" "ஆவணியும் வேணாம், எந்த மாசமும் வேணாம். நீ போகல." பிறகு, "அந்தக் கறைய இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். நான் இம்தியாஸைப் பார்த்தேன். அவர் மெஷினைக் கீழே வைத்திருந்தார். "தேய்ச்சா போயிடும். தேய்க்காம மேல பூச்சு போட்டா உள்ளயே பூட்டிக்குமாம்." "எத்தனை வருஷம்?" "அஞ்சு." அவள் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் மகள்தானே. "அதையே போடச் சொல்லுங்கப்பா," என்றாள். "கார அவன் எடுத்துட்டுப் போகட்டும்." போனை வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எழுந்தேன். "தம்பி, மூணாவது சீசா," என்றேன். "அஞ்சு வருஷத்துது. மூணு அடுக்கும் போடுங்க. மெஷின் போடாதீங்க." இம்தியாஸ் தலையைச் சொறிந்தார். "பெரியவரே, அப்படி எந்தக் கடையிலயும் போட மாட்டாங்க. நாளைக்கு எவனாச்சும் லைட் அடிச்சுப் பாத்தா என் பேரு இன்னா ஆவறது? இம்தியாஸ் கடைல தேய்க்காம பூசிட்டான்னு..." "பாக்கணும்," என்றேன். "லைட் அடிச்சுப் பாக்கறவன் பாக்கணும். கழுவக் குடுக்கற எடத்துல, விக்கப் போற எடத்துல, ஸ்டேஷன்ல. இது என் பொண்ணு கை." சொல்லிவிட்டேன். வேற்று ஆளிடம், பகலில், கடைக்குள் நின்று. முகம் எரிந்தது. அவர் பானெட்டைப் பார்த்தார், அந்தப் பிறையைப் பார்த்தார், "யா அல்லா," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு விளக்கை மறுபடி எடுத்தார். "முதல்ல போட்டோ எடுத்துக்கலாம். விளக்க சாய்ச்சுப் புடிச்சா ரேகை வரைக்கும் விழும். தேதி மணியோட எடுக்கறேன். பூச்சு அப்புறம்." பன்னிரண்டு படம் எடுத்தார். வளைந்த விரலை மட்டும் தனியாக மூன்று. என்னை ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து முடித்ததும், "எங்க வீட்டுலயும் ரெண்டு பொண்ணுங்க, பெரியவரே," என்று மட்டும் சொன்னார்.

நான் வாசலுக்கு வந்தேன். மணி ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் குறைவு. வெயில் வெள்ளையாக அடித்தது. சட்டத்தின் மேல் அந்தப் பழைய பானெட் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் நடுவில் கோடு கிழித்த மாதிரி இந்தப் பாதி பளபளப்பு, அந்தப் பாதி மங்கல். சூட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் கழற்றிப் பையில் வைத்தேன். வலது கையை விரித்தேன், ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும்படி, அவள் விரித்திருந்த மாதிரி. என் சுண்டு விரல் நேராக இருந்தது. வைத்தேன். முதலில் சூடு இல்லை, குளிர் மாதிரி ஒன்று முழங்கை வரை ஏறியது. ஒன்று. பிறகு கை என்னுடையதாக இல்லாமல் போயிற்று, யாரோ அதை உள்ளிருந்து பிடித்துக் கீழே இழுத்தார்கள், இன்னும் பதின்மூன்று இருக்கிறது என்றார்கள். இரண்டு. கதவை இழுத்தவன், வாயைப் பொத்தியவன், தெருவை எண்ணியவன், ஏழை நல்ல எண் என்று வைத்திருந்தவன் எல்லாரும் வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்தார்கள், சொல்லு, மூணு, சொல்லு, எண்ணினா வலி போயிடும். "ஐயோ பெரியவரே, இன்னா பண்றீங்க, கை வெந்துடும்!" இம்தியாஸ் உள்ளேயிருந்து ஓடி வருவது தெரிந்தது. என் வாய் திறந்தது. மூன்று வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது வேறு ஒன்று, அறுபத்துமூன்று வருஷத்தில் நான் எந்தத் தெருவிலும் போடாத சத்தம், வெட்டுக்கு இழுத்துப் போகும் மாடு போடும் சத்தம், கடையின் இரும்புத் தகட்டுக் கூரையில் பட்டுச் சாலைக்குத் திரும்பியது. பஸ் ஒன்று வேகம் குறைத்தது. எதிரே டீக்கடையில் ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள், சாலையைக் கடந்து என்னை நோக்கி ஓடி வந்தார்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.